பேரும் அரைப்பேரும்: மலையகப் பெண்ணின் சுயாதீனம் பற்றி ஒரு நோக்கு

பிறர் கையை எதிர்பாராது, தன் உழைப்பினால் உண்டு உடுத்து வாழ்பவளே சுயாதீனமுடைய பெண் என்பது இன்று படித்தோரிடையே பெரிதும் ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்தாகும். பெண் கல்வி கற்க வேண்டும். கற்றால் தொழில் கிட்டும். தொழில் கிட்டினால் பொருள் வரும். பொருள் வந்தால் அடிமைத்தனம் அகலும் என ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதாக இவ்வாதம் செல்லும். பட்டிமன்ற மேடைகளில் இதற்கு எதிர்வாதம் பேச முன்வருவோரும் அரியர். இக்கருத்தின் மூலவர்களும் சாமானியர் அல்லர். ஜோன் ஸ்ருவார்ட் மில் 1869 இல் வெளியிட்ட, பெண்களின் அடிமைநிலை பற்றிய நூலில், சொந்தச் சொத்து இல்லாத பெண்ணுக்குப் பொருளீட்டும் ஆற்றலே கண்ணியத்துக்கு இன்றியமையாதது என்ற கருத்துப்பட எழுதினார். பிரெடரிக் எங்கெல்ஸ் 1884 இல் வெளியிட்ட, குடும்பத்தின் தோற்றம் பற்றிய நூலில், பெண்ணினம் முழுவதும் பொது உற்பத்திக்குள் மீண்டும் நுழைவதே விடுதலையின் முதல் நிபந்தனை என்றார். தாராண்மைவாதியும் பொதுவுடைமைவாதியும் பிறவற்றில் எத்துணை முரண்பட்டாலும் இந்த ஒன்றில் ஏறத்தாழ உடன்பட்டனர்.

எனினும் மில் அந்நூலிலேயே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்திருந்தார். நீதியற்ற அமைப்பொன்றில் மனைவி கூலிக்கு உழைப்பது, கணவன் அவளை மேலும் உழைக்கும்படி கட்டாயப்படுத்திக் குடும்பச் சுமை முழுவதையும் அவள் தலையிற் போட்டுவிட்டுத் தான் குடியிலும் சோம்பலிலும் காலங்கழிக்க இடந்தரும் என்பது அவர் கண்ட ஆபத்து. மில்லை எடுத்தாளும் நம்மவர் இப்பகுதியை நினைவுகூர்வது அரிது.

கூலி பெண்ணைச் சுயாதீனப்படுத்துமா என்னும் இவ்வினாவை நூல்களை வைத்துத் தீர்ப்பதிலும், அது நீண்டகாலம் நடைமுறையில் இருந்துவந்த இடமொன்றில் வைத்து நோக்குதல் பொருத்தமுடையது. அதற்கு நாம் கடல்கடந்து செல்ல வேண்டியதில்லை. ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா எனப் பரந்து கிடக்கும் நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களே போதும்.

மில்லின் நூல் வெளிவந்த அதே 1869 இலேதான் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைநோய் முதன்முதலாகக் காணப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1867 இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தோர் பெரும்பாலும் ஆடவர். பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியோர். தேயிலையின் இயல்போ வேறு. அது ஆண்டு முழுவதும் தளிர்ப்பது. ஒருவார காலத்துக்கு ஒருமுறை அதே மலைக்குத் திரும்பி வந்து கொழுந்து எடுக்காவிடின் இலை முற்றிவிடும். ஆகவே தோட்டத்துக்குப் பருவத் தொழிலாளன் போதவில்லை; அங்கேயே தங்கி வாழும் குடும்பம் தேவைப்பட்டது. அக்குடும்பத்திலும் சிறப்பாகப் பெண் தேவைப்பட்டாள். பெண்ணின் விரல்கள் கொழுந்துக்கு ஏற்றவை என்று துரைமார் கூறினர். அவளுடைய கூலி குறைவு என்பதும் அவர்கள் அறிந்திருந்ததுதான்.

இதனால் ஒரு வியத்தகு நிலை தோன்றியது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மத்தியதர வகுப்புப் பெண்கள் ஆசிரியத் தொழிலுக்கும் எழுதுவினைஞர் தொழிலுக்கும் வருவதற்குப் பல தசாப்தங்கள் முன்னரே, மலைநாட்டுப் பெண் தன் பெயரில் நாட்கூலி பெறும் தொழிலாளியாகிவிட்டாள். தாயும் மகளும் பேர்த்தியும் கொள்ளுப்பேர்த்தியுமாகத் தலைமுறை தலைமுறையாக அவள் கூலி பெற்று வந்துள்ளாள். இந்நாட்டில் இவ்வளவு நீண்டகாலம், இவ்வளவு பெருந்தொகையினராகப் பொது உற்பத்தியில் ஈடுபட்ட பெண்கள் வேறொரு வகுப்பினருள் இலர். மேற்கூறிய கொள்கை முற்றிலும் மெய்யாயின், இலங்கையில் மிகவும் சுயாதீனமுடைய பெண்களை நாம் காண வேண்டிய இடம் லயக் காம்பராக்களே. உண்மை நிலை அதற்கு மாறானது என்பதைத் தோட்டத்தை ஒருநாள் கண்டவரும் அறிவர். அங்ஙனமாயின் கொள்கையில் எங்கோ ஒரு கண்ணி விடுபட்டிருத்தல் வேண்டும்.

அவளது ஒருநாளைச் சற்று விரிவாக நோக்குவோம். கிழக்கு வெளுக்கும் முன்னரே அடுப்பு மூட்டப்படுகின்றது. தேநீர், ரொட்டி, பிள்ளைகளின் பள்ளிக்கூட ஆயத்தம், பீலியிலிருந்து தண்ணீர் யாவும் முடித்து, கைக்குழந்தை இருப்பின் அதனைப் பிள்ளைக் காம்பராவிற் சேர்ப்பித்து, பிரட்டுக் களத்துக்குச் செல்ல வேண்டும். பிந்தினால் அன்று வேலை இல்லையென்று திருப்பி அனுப்பப்படலாம். அங்கிருந்து படங்கை இடுப்பிற் சுற்றிக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேற்றம். அட்டையும் மழையும் குளிரும் அங்கே பேசப்படும் விடயங்கள் அல்ல. அவை நாளின் பகுதி. இடையிடையே கொழுந்து நிறுக்கப்படுகின்றது. நிறுக்கும்போது ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் சில கிலோ கழிக்கப்படும். மாலையில் கடைசி நிறுவை முடிந்து லயம் திரும்பினால் விறகு, சமையல், துவைப்பு. கவ்வாத்து வெட்டும், முள்ளுக் குத்தும் ஆடவர் தமக்குக் குறித்த அளவு வேலையை முடித்துப் பெரும்பாலும் பிற்பகலிலேயே வீடு திரும்பிவிடுகின்றனர். கொழுந்து எடுப்பவளுக்கு வேலை முடிவது அவள் களைத்தபோது அன்று. மாலை நிறுவை முடிந்தபோதே.

தோட்டத்து வழக்கிலே ஒருநாட் கூலிக்குப் ‘பேர்’ என்பது பெயர். இடாப்பில் ஒருத்தியின் பெயருக்கு நேரே அன்றைய வேலை பதியப்படுவதால் இவ்வழக்குத் தோன்றியிருத்தல் கூடும். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தவளுக்கு முழுப்பேர் விழும், எடுக்காதவளுக்கு அரைப்பேர். இச்சொல் வழக்கை எண்ணுந்தோறும் ஒருவித கூச்சம் எழுகின்றது. மனிதர்க்குப் பெயர் என்பது ஒருமுறை இடப்பட்டு வாழ்நாள் முழுவதும் நிலைப்பது. இங்கோ அது நாள்தோறும் ஈட்டப்பட வேண்டியதாய், மாலையிலே முழுதாகவோ பாதியாகவோ அளிக்கப்படுவதாய் இருக்கின்றது. அதனை அளக்கும் தராசைப் பிடிப்பவர் ஏறக்குறைய எப்போதும் ஓர் ஆண். 2021 இல் நாட்கூலி ஆயிரம் ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, பல தோட்டங்களில் பேர் விழுவதற்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் நிறையும் 18 கிலோ, 20 கிலோ என உயர்த்தப்பட்டது. கூலி ஏட்டில் ஏறியது. பெயர்களில் பல பாதியாயின.

இனிக் கூலியின் வரலாறு. இந்தியத் தொழிலாளர்க்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927 இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1929 முதல் உயர்மலைப் பகுதியில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவர்க்கு 32 சதமும் நாட்கூலியாக விதிக்கப்பட்டன. ஆணும் பெண்ணும் ஒரே மலையில் நின்றாலும் அவளது நாள் அவனது நாளிலும் பதினொரு சதம் குறைந்தது என்று அரசாங்கமே முத்திரையிட்டுக் கூறியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இவ்வேற்றுமை நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும், தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையான பின்னரும் நீடித்தது. 1984 ஏப்ரலில் தொழிற்சங்கங்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் பின்னரே ஆண் பெண் கூலி சமமாக்கப்பட்டது. எங்கெல்ஸின் நூலுக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து! ஆயினும் சமமானது நாட்கூலியே. நாளின் நீளம் சமமாகவில்லை.

கூலி எவ்வளவு என்பதிலும் அது எவர் கைக்குச் சென்றது என்பது எமது விசாரணைக்கு முக்கியமானது. பெண் மாலைவரை மலையில் நிற்கச் சம்பள மேசையின் முன் தகப்பனோ கணவனோ சென்று அவளுடைய பணத்தையும் சேர்த்து வாங்குவது தோட்டங்களில் நெடுங்கால வழக்கு. 1982 இல் சர்வதேசத் தொழில் அமைப்பின் வெளியீடாக வந்த றேச்சல் குரியனின் ஆய்வு இதனை விரிவாகவே காட்டியுள்ளது. நிருவாகமும் இதனை ஆட்சேபிக்கவில்லை. வேலை நேரத்தில் ஒருத்தியை மலையிலிருந்து இறக்குவதிலும் ஓர் ஆணிடம் பணத்தை ஒப்படைப்பது அதற்கு இலகுவாக இருந்தது. இங்ஙனம் தோட்டத்தின் வசதியும் வீட்டின் அதிகாரமும் கைகோத்துக்கொண்டன. பணம் தவறணை வழியாக வீடு வந்து சேர்ந்த நாட்கள் எத்தனை என்பதை மலையகப் பெண்களே சொல்லுவர். மில் அஞ்சியது இதனையே.

இவ்விடத்தில் ஆடவரை மட்டும் பழிசொல்லி அமைதல் எளிது, நேர்மையன்று. பகல் முழுவதும் துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் தலைகுனிந்து நின்ற ஒருவனுக்கு, தான் தலைநிமிர்ந்து நிற்கக்கூடிய ஒரே இடமாகப் பத்தடிக் காம்பரா எஞ்சியிருந்தது. அந்நிமிர்வின் விலையை அவன் செலுத்தவில்லை என்பதுதான் குறை.

விடுபட்ட கண்ணியைத் தேடுங்கால், தேயிலையை நன்கறிந்த மற்றுமொரு நாட்டின் பழைய வரலாறு எமக்கு உதவக்கூடும். யப்பானில் தொக்குகாவா ஆட்சிக்காலத்தில், அதாவது பதினேழாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, சாதாரண குடிமக்களிடையே மணமுறிவு அரிதன்று. எனினும் மணமுறிவுச் சீட்டை எழுதும் அதிகாரம் கணவனுக்கே இருந்தது. மூன்றரை வரியில் அமைந்த சீட்டு அது. அதனைப் பெறாத பெண் மறுமணம் புரிதல் குற்றம். ஆனால் காமக்குறாவில் தோக்கேய்ஜி என்னும் பௌத்தப் பெண்துறவியர் மடம் ஒன்று இருந்தது. 1285 இல் நிறுவப்பட்ட அம்மடத்துக்குள் ஓடிப் புகுந்து குறித்த காலம், ஏறத்தாழ இரண்டு மூன்று ஆண்டுகள், அங்கு தொண்டு செய்த பெண்ணுக்கு மணவிலக்குக் கிட்டிற்று. துரத்தி வருவோர் பிடித்துவிடுமுன் தன் செருப்பைக் கழற்றி வாசலுக்குள் எறிந்துவிட்டாற்கூட அவள் மடத்தைச் சேர்ந்தவளாகக் கருதப்பட்டாள் என்பர். 1870 களின் தொடக்கத்தில் புதிய அரசு அவ்வுரிமையை நீக்கும்வரை பல நூற்றுக்கணக்கான பெண்கள் அவ்வாயிலை நாடினர். அவர்களிற் பலர் கூலியாலோ கைத்தொழிலாலோ பொருளீட்டியவராக இருந்திருக்கலாம். அவர்களை விடுவித்தது அப்பொருள் அன்று, ஒரு வாசல்.

அதே நாட்டில் நாகசாக்கித் துறைமுகத்தில் ஊறா கேய் என்னும் பெண்மணி ஒருவர் வாழ்ந்தார். 1828 இல் எண்ணெய் வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தவர். தமக்கு வாய்த்த மணமகன் பிடிக்காமற்போகவே அவரை விரைவிலேயே திருப்பி அனுப்பிவிட்டார் என்று கூறப்படுகின்றது. குடும்ப வணிகம் நலிந்தபோது, 1853 இல் ஒல்லாந்த வணிகர் ஒருவர் வழியாகத் தேயிலை மாதிரிகளை வெளிநாடுகளுக்கு அனுப்பி, பின்னர் பெரும் ஏற்றுமதி வணிகராக உயர்ந்தார். 1871 இல் பிறர் வியாபாரமொன்றுக்குப் பிணைநின்று பெருங்கடனுக்கு ஆளாகி, 1884 இல் மறைந்தார். அவர் இலாபமும் அவருடையது, நட்டமும் அவருடையதே. தேயிலையால் உயர்ந்து தேயிலையாற் பெற்ற பெயரோடு நின்றவர். ஆனால் அவர் கொழுந்து எடுத்தவர் அல்லர். அவருக்காகக் கியூசியூத் தீவின் மலைச்சரிவுகளில் இலை பறித்த பெண்களின் பெயர்கள் எவ்வேட்டிலும் இல்லை. தேயிலை வரலாற்றில் சுயாதீனமுடைய பெண்ணைத் தேடுவோர் வணிகரின் வீட்டில் அவரைக் காண்கின்றனர். கொழுந்து மலையிற் காண்பதில்லை.

இவ்விரு செய்திகளையும் ஏந்திக்கொண்டு மீண்டும் ஹற்றனுக்கு வருவோம். தோக்கேய்ஜி போன்றதொரு வாசல் மலையகப் பெண்ணுக்கு எங்கே? அடிபட்டு ஒருத்தி வெளியேறினால் அவள் செல்லத்தக்க இடம் பிறந்தவீடு. அதுவும் வேறொரு தோட்டத்தின் லயம். அங்கே அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளும் ஏற்கனவே ஒரே காம்பராவில் நெருங்கி வாழ்கின்றனர். காம்பராவோ எவருக்கும் சொந்தமானதன்று, தோட்டத்துக்குச் சொந்தமானது. வேலை இருக்கும்வரை கூரை, கூரை வேண்டின் வேலை என்பதே அதன் விதி. 1865 ஆம் ஆண்டின் தொழிற்சட்டத்தின்கீழ் தோட்டத்தைவிட்டு ஓடுதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. கடனைத் தீர்த்தமைக்கான ‘துண்டு’ இல்லாமல் ஒரு தொழிலாளி மறு தோட்டத்தில் வேலைபெற முடியாத முறை 1921 வரை நிலவியது. அச்சட்டங்கள் ஒழிந்த பின்னரும் கூரை என்னும் துண்டு ஒழியவில்லை. ஆண் பெண் இருவரையும் அது கட்டியதெனினும் பெண்ணை இருமடங்கு கட்டியது. தோட்டத்தை மறுத்தால் அவள் வீட்டை இழப்பாள். கணவனை மறுத்தால், காம்பரா பெரும்பாலும் அவன் பெயரிலேயே பதியப்பட்டிருந்தமையால், அப்பொழுதும் வீட்டை இழப்பாள்.

விடுபட்ட கண்ணி இதுவே எனத் தோன்றுகின்றது. தன் காலில் நிற்பது வேறு. அக்கால்களால் தான் விரும்பிய திசையில் நடப்பது வேறு. முன்னையது மலையகப் பெண்ணுக்கு எவரும் அளிக்க வேண்டியிராதது. நூற்றைம்பது ஆண்டுகளாக அவள்மீது சுமத்தப்பட்டு வந்தது. பின்னையது, ‘மாட்டேன்’ என்று சொல்லிய பின்னரும் இரவில் தலைசாய்க்க ஓர் இடம் உண்டு என்ற உறுதியில் பிறப்பது. கூலி எத்துணை உயர்ந்தாலும் அவ்வுறுதியைத் தானாகவே தருவதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். அதனை இலேசாகத் தள்ளுதல் தகாது. தனித்து நிற்றலும் தனக்கென நடத்தலும் மேலைத்தேயத்துத் தனிமனிதக் கொள்கையின் கனவுகள். நமது வாழ்வோ ஒருவரையொருவர் சார்ந்து அமைவது. தாய் மகனையும் மகன் தாயையும் சார்ந்திருத்தல் இழுக்கன்று. சுயாதீனம் என்னும் பெயரால் இப்பிணைப்புகளை அறுத்தால் லயத்து வாழ்வின் ஒரே செல்வமான உறவும் போய்விடும் என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. பஞ்சமும் நோயும் வந்த காலங்களில் மலையக மக்களை உயிரோடு வைத்தது அயற்காம்பராவின் அரிசியேயன்றி எவருடைய தனியுரிமையும் அன்று.

ஆனால் சார்பு என்பதை ஒப்புக்கொண்டால், யார் யாரைச் சார்ந்துள்ளார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டத் தொழிலாளரிற் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். கொழுந்து எடுப்போர் ஏறத்தாழ அனைவரும் அவர்களே. அவள் விரல் அசையாத நாளில் தொழிற்சாலை அசையாது. நெடுங்காலம் நாட்டின் அந்நியச் செலாவணியின் பெரும்பகுதி அக்கூடையிலேயே கிடந்தது. சங்கங்களின் சந்தாப் பணத்திலும் அவளது பங்கே பெரிது. குடும்பம், தோட்டம், சங்கம், நாடு ஆகிய நான்கும் அவளைச் சார்ந்திருக்க, ஏடுகளில் அவளே சார்ந்திருப்பவளாக எழுதப்பட்டாள். இது வெறும் சொற்பிழையன்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, அதற்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்குத் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். தாய் எங்கு பிறந்தாள், பாட்டி எந்த மலையில் எத்தனை ஆண்டு கொழுந்து எடுத்தாள் என்பவற்றைச் சட்டம் வினவவேயில்லை. தாய்வழியாகவும் பிரசாவுரிமை சேரலாம் என்ற திருத்தம் 2003 இலேயே வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! பரஸ்பரச் சார்பு என்று நாம் போற்றுவது, ஒருபக்கத்துச் சார்பை மறைக்கும் திரையாக இருக்குமாயின் அதனைப் போற்றுவதில் நேர்மை இல்லை.

நமது பண்டை இலக்கியம் இவ்வகையில் நம்மிலும் கூர்மையாகக் கண்டிருந்தது போலும். ஆண்துணையற்ற பெண்கள் பஞ்சினை நூலாக நூற்றுத் தம் உழைப்பால் வாழ்ந்தமை நற்றிணையிலே உவமையாக வருகின்றது. நள்ளிரவில் சிறுவிளக்கொளியில் பருத்தியோடு பாடுபடும் பெண்ணைப் புறநானூறும் அறியும். அவள் எவரையும் சார்ந்திருந்ததாகப் புலவர் கூறவில்லை.

மலையகப் பெண்ணின் விருப்பு எங்குமே வெளிப்படவில்லை என்று இதனால் கொள்ளலாகாது. 1930 களில் கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களிற் பாடல்கள் பாடியும் அவற்றை அச்சிட்டுப் பரப்பியும், பெண் பொதுமேடையில் நிற்பதே அரிதாயிருந்த காலத்தில் தோட்ட மக்களை ஒன்றுதிரட்டினார். பெயர் பதியப்படாத வகைகள் இன்னும் பல. சீட்டுப் பிடித்தல், கோழியும் ஆடும் வளர்த்தல், கைக்காசாகக் கிடைத்த மேலதிகக் கொழுந்துப் பணத்தை அரிசிப் பானையுள் மறைத்துவைத்து மகளின் பாடசாலைச் சப்பாத்தாக மாற்றுதல் என்பன போன்றவை. தன் பணத்தைத் தானே ஒளித்துவைக்க வேண்டிய நிலையை என்னவென்பது! ஆயினும் அவ்வாறு ஒளித்த பணமே மலையகத்தின் ஆசிரியர் பலரையும், இக்கட்டுரை வெளிவரும் பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்த மாணவர் பலரையும் உருவாக்கியது என்பது மிகையன்று. தான் நடக்க இயலாத திசையில் மகளை நடக்கவிடுவதும் ஒருவகைச் சுயாதீனமே என்று வாதிடலாம். அவ்வாதம் எனக்கு முழு நிறைவு தரவில்லை. தியாகத்தைச் சுதந்திரம் என்று அழைப்பது, தியாகம் செய்தவரைக் காட்டிலும் பயன்பெற்றவர்க்கே ஆறுதல் அளிப்பது.

அண்மைத் தசாப்தங்களில் பெருந்தொகையான பெண்கள் கொழும்பு வீடுகளுக்கும் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் வேலைக்குச் செல்வது இவ்வினாவின் கடினமான பகுதி. 1970 களின் இறுதியில் மத்திய கிழக்கு வாய்ப்புகள் திறந்தபோது மலையகப் பெண்களிற் பலருக்கு அவ்வழி அடைபட்டிருந்தது. நாடற்றவருக்குக் கடவுச்சீட்டு ஏது? 1988 ஆம் ஆண்டின் சட்டத்தின் பின்னரே அது பரவலாகத் திறந்தது. செல்பவளை நம் சமூகம் இரு வகையாகத் தீர்ப்பிடுகின்றது. பணம் அனுப்பும்வரை அவள் உத்தமி. வீட்டில் ஏதேனும் பிழைத்தால் பிள்ளையை விட்டுப்போன தாய். அரசும் 2013 இல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வீட்டுப்பணிக்கு வெளிநாடு செல்வதைத் தடுக்கும் விதியைக் கொணர்ந்தது. 2022 இல் அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையின் நலன் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் தந்தையரை நோக்கி அவ்வினாவை எவ்விதியும் எழுப்பவில்லை. அன்றியும், பிறந்து சில மாதங்களேயான குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுத் தாய் நாள்தோறும் விடியலில் மலையேறிய நூறாண்டுக் காலத்தில், பிள்ளையை விட்டுப்போன தாய் என்று அவளை எவரும் அழைத்ததில்லை. அப்போது அவள் சென்றது தோட்டத்தின் தேவைக்கு. இப்போது அவள் தன் தீர்மானத்தின்படி செல்கின்றாள், ஆகவே பழி. அவள் செல்லும் இடத்திலும் கடவுச்சீட்டு எசமானர் கையிலேயே இருப்பதுண்டு என்பதை மறக்கவில்லை. ஆனால் திரும்பி வரும்போது, லயத்துக்கு வெளியே ஒரு துண்டுக் காணி வாங்கவோ ஒரு கடை வைக்கவோ அவளால் முடிந்த இடங்களில் வீட்டிலுள்ளோர் அவளோடு பேசும் தொனி மாறியிருப்பதை மலைநாட்டில் யாரும் காணலாம்.

அரசியலைப் பற்றி ஒரு சொல். 1931 இல் வந்த சர்வசன வாக்குரிமை தோட்டப் பெண்களிற் பலருக்கும் கிட்டியது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழுபேர் பாராளுமன்றம் சென்றனர், எழுவரும் ஆடவர். அடுத்த இரு ஆண்டுகளில் பிரசாவுரிமையும் வாக்குரிமையும் பறிபோயின. மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர், நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும், முதன்முதலாகத் தேர்தலில் வென்று பாராளுமன்றம் புகுந்தது 2024 இல்.

எனினும் மேலே கூறிய வாசல் பற்றிய வினா வாக்குச்சீட்டினாலும் முற்றிலும் தீர்வதில்லை. அது இப்போது காணி பற்றிய வினாவாக மலைநாட்டில் நிற்கின்றது. லயங்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டம் 2015 இன் பின்னர் முன்னெடுக்கப்பட்டது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளுக்கான உதவியை அறிவித்தார். கட்டப்பட்டவை தேவையின் சிறுபகுதியே. காணியுறுதி கிட்டியோர் அதனினும் சிலர். ஆயினும் தோட்டத்துக்கும் வீட்டுக்குமிடையே இருந்த பழைய முடிச்சு அவிழத் தொடங்கியிருப்பது உண்மை. இந்நேரத்தில் உறுதியில் எழுதப்படும் பெயர் எவருடையது என்பதே கேட்கப்பட வேண்டியது. இந்நாட்டில் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குடியேற்றக் காணிகளின் வாரிசுரிமையில் புதல்வரை முன்னும் புதல்வியரைப் பின்னும் வைத்தது. 2022 இலேயே அது திருத்தப்பட்டது. எண்பத்தேழு ஆண்டுகாலப் பழக்கம் ஒரு திருத்தத்தோடு அலுவலகங்களைவிட்டு அகன்றுவிடாது. பட்டியல் எழுத வரும் அலுவலர் ‘குடும்பத் தலைவர் யார்?’ என்று கேட்டால், எவர் பெயரை எழுதுவது என்பது அவ்வேளை வாசலில் நிற்பவரைப் பொறுத்தது. அவர் பெரும்பாலும் பகற்பொழுதிலேயே வருவார். பகற்பொழுதில் அவள் மலையில் நிற்பாள். அன்றைய பேருக்கு இன்னும் சில கிலோ குறைவாக இருக்கும்.